பஸ்ஸை அளந்த கதை

“…பஸ்ஸப் போயி அளந்திருக்காரு பாய், வீட்டுக்குள்ளயே இருக்க என்னைய ஒரு வார்த்தை கேக்காம!”

என் மனைவி இதை வீட்டில் சொல்லியிருந்தால் எனக்கும் சுவருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். அவள் சொன்னது தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில், ஜீப்புகளுக்கு விதவிதமான சாமான்கள் மாட்டிக் கொடுக்கும் ஒரு பாயின் பட்டறையில். எதிர்க்கடைக்காரர் தராசைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். டீ வாங்க வந்த ரெண்டு பேர் டீயை மறந்துவிட்டுக் கேட்டார்கள். நான் பக்கத்தில் நின்று, என்னைப் பற்றி இல்லை என்பது மாதிரி ஒரு நட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் எதற்காக அங்கே வந்து அப்படிச் சொன்னாள் என்று சொல்ல, ஜீப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன். கிணற்று மோட்டார், போர் மோட்டார், எல்லாம். படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்கப்புறம் கற்றது பூராவும் கிணற்று மேட்டில் நின்று, அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக் கற்றதுதான். மோட்டார் தூக்கிப் போக ஒரு வண்டி வேண்டும் என்று பழைய ஜீப் ஒன்று வாங்கினேன். மோட்டார் தூக்கினேனோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் மனைவியைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊருக்குப் போனேன்.

மாமனார் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். பாதி ஆயுசு அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். இப்போது அரை ஏக்கர் கொடிக்கால் அவருக்கே சொந்தம். அதை அவர் நிலம் என்று சொல்ல மாட்டார், “நம்ம வீட்டுப் பிள்ளை” என்பார். அங்கே செருப்போடு யாரும் நுழைய முடியாது. கொடிக்கால்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. என் மனைவி அதற்குள்ளேயே வளர்ந்தவள். கொடிக்காலுக்குப் போகிற வண்டி என்றால், கே.கே. நகரில் எங்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுவாள். சீட்டுக்கு அடியில் செருப்பை வைத்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். பதினெட்டு வருடமாக இதைப் பார்க்கிறேன். பார்த்தேனே தவிர, மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அது பின்னால் வரும்.

அந்த முக்கால் மணி நேரப் பயணம்தான் எனக்கு வாரம். அவள் எங்கள் தெருமுனை கிளினிக்கில் நர்ஸ். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை, குதிகால் வலி வேறு. ஆனால் அவள் காதில் விழுகிற பேச்சு இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. வாரம் பூராவும் சேர்த்து வைத்திருப்பாள். ஊருக்குள் சத்தத்தில் சொல்ல மாட்டாள். “சமயநல்லூர் தாண்டட்டும்” என்பாள். தாண்டியதும் ஆரம்பிப்பாள். ஒரு பெரியவர் ஊசி போடப் போகும்போது, “ஆத்தா, குத்துறதுன்னா குத்திரு, குத்தப் போறேன்னு மட்டும் சொல்லாத” என்றாராம். சர்க்கரை கூடிப்போன ஒரு அம்மா டாக்டரிடம், “நாக்கத் தவிர மத்த எல்லாத்தையும் கட்டுப்படுத்திட்டேன் சார்” என்றாளாம். நான் சிரித்துச் சிரித்து, வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிடும்.

வீட்டில் பேச மாட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டில் குக்கர் ஒரு பக்கம் கத்தும், போன் ஒரு பக்கம் கத்தும். சக்கரம் உருண்டால்தான் அவளுக்குப் பேச்சு உருளும்.

சோழவந்தான் தாண்டி, வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் மண்பாதை. ஒரு ஐப்பசி மழையில் அங்கே ஜீப் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. நான் முறுக்க முறுக்க அது இன்னும் வசதியாக உட்கார்ந்தது. டிராக்டர்க்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டுச் சொன்னார்:

“ஜீப்பு ஜீப்புன்னு சொல்றீக, எருமையாட்டம் சுகமாப் படுத்துருச்சேண்ணே. குளிப்பாட்டிட்டுக் கூட்டிட்டுப் போங்க.”

என் மனைவி சேற்றில் நின்றபடி கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் மயங்கியிருக்க வேண்டும். மயங்கவில்லை, ரோஷப்பட்டேன். மறுநாளே பாயைத் தேடிப் போனேன்.

பாய்க்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மலை, பாலைவனம், ஆறு என்று எங்கெங்கோ ஜீப்புகள் ஏறி இறங்குகிற வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். ஆனால் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். டயர் எது, எஞ்சின் எப்படி என்று அல்ல.

“யார் யாருண்ணே இதுல ஏறுவாக?”

இது என்ன கேள்வி என்று பார்த்தேன்.

“ரோட்டுல ஓடுறது அப்புறம்ணே. முதல்ல ஆளு ஏறணும், எறங்கணும். எங்க அம்மா புர்கா போட்டு ஏறுறது ஒரு மாதிரி. நான் லுங்கியோட ஏறுறது ஒரு மாதிரி. ஏறுற ஆளத் தெரியாம நான் உசரத்துல கை வைக்க மாட்டேன்.”

அன்றைக்கு என் வாயில் வந்த பதில்: “நான்தான் ஏறுவேன். வேற யாரு?”

பொய் இல்லை. நான் ஏறுவேன்தான். ஆனால் அந்த நேரத்தில் என் கண்ணுக்குள் சேறு இருந்தது, டிராக்டர்க்காரர் இருந்தார், நான் இருந்தேன். வேறு ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் கல்யாண வீட்டு வேலை மாதிரி நடந்தது. ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியைத் தூக்கினார். பட்டை பட்டையாகப் பல் வைத்த மட் டயர் நாலு. முன்னால் கனத்த இரும்பு பம்பர், அதில் வண்டி மாட்டிக்கொண்டால் கம்பி சுற்றி இழுக்கிற வின்ச். எஞ்சினுக்குத் தண்ணீர் போகாமல் காற்று மட்டும் போக, பானெட் ஓரத்திலிருந்து மேலே தூக்கிய துதிக்கை மாதிரி ஒரு குழாய். கூரைமேல் வரிசையாக விளக்குகள். வைகையில் தண்ணீரைப் பார்ப்பதே அபூர்வம், உனக்கு எதற்குத் துதிக்கை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

வண்டியை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்திய அன்று பால்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “நல்லதாப் போச்சுண்ணே, இனி மாடியில இருந்தே ஏறிக்கலாம்.” மறு வாரம் சமயநல்லூர் அருகே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். கூரை விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “இது ஜீப்பா, ராத்திரி கபடி மைதானமா?” என்றார். விளக்கை அங்கேயே கழற்ற வைத்துவிட்டுத்தான் விட்டார். அந்த வாசகத்துக்காகவே எனக்குக் கோபம் வரவில்லை.

என் மனைவி கதவு ஓரத்தில் நின்று, தன் இடுப்பையும் வண்டியின் தளத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் குள்ளமானவள் அவள். முதல் ரெண்டு ஞாயிறு, வாசல் படியை ஒட்டி வண்டியை நிறுத்தி, நான் கை கொடுத்து எப்படியோ ஏற்றினேன். கொடிக்காலில் இறங்கும்போது மாமனார் உரமூட்டைகளை அடுக்கிப் படி செய்து கொடுத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம் வந்தது. அவள் பட்டுச்சேலை. மண்டபத்து வாசலில், திரும்பி வரும்போது, சொந்தபந்தம் அத்தனையும் வழியனுப்ப நிற்க, ஒரு காலைத் தூக்கி டயர்மேல் வைத்தாள். சேலை மடிப்பு மறுகாலில் மாட்டியது. விழவில்லை, ஆனால் விழுந்ததைவிட மோசம். பெரியப்பா பையன்கள் ரெண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் அப்படியே தூக்கி உள்ளே வைத்தார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்:

“யாத்தே, தூக்குறதுக்கு ரெண்டு பேரு, வேடிக்க பாக்க ஒரு ஊரு. இது ஜீப்பாடி, சப்பரமாடி?”

ஊரே சிரித்தது. வழியில் அவள் பேசவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சப்பரத்தை நாங்கள் ரெண்டு பேரும் ஒரு மாசம் சொல்லிச் சிரித்திருப்போம். வாசலில் இறங்கி, மடிப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

“ஒண்ணு அது குட்டையாகணும், இல்ல நான் வளரணும். ரெண்டுல ஒண்ணு நடக்குற வரைக்கும் நான் பஸ்ஸு.”

அடுத்த ஞாயிறு தூக்குவாளியோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். வேறென்ன செய்வது? கடைசி சீட்டு ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. சமயநல்லூர் தாண்டியது. பக்கத்து சீட்டுக்காரியிடம் திரும்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. என் ஞாயிற்றுக்கிழமையை யாரோ ஒருத்தி டிக்கெட் வாங்கிக்கொண்டு கேட்கிறாள்.

மாமனார் எங்களைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, ஆளுக்கொரு வண்டியில வந்திருக்கீக? வசதியா, சண்டையா?” என்றார்.

“வசதிதான் மாமா.”

“எனக்கென்னமோ வசதி மாதிரித் தெரியல” என்று வெற்றிலை கிள்ளப் போய்விட்டார்.

இப்படியே ஏழெட்டு வாரம். வீட்டில் சாப்பாடு இருந்தது, காபி இருந்தது, முகத்தில் கோபம்கூட இல்லை. அந்த முக்கால் மணி நேரம்தான் இல்லை. ஒருநாள் துணிந்து, “கிளினிக்ல யாரும் ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டேன். “சொன்னாக. பஸ்ல சொல்லித் தீத்துட்டேன்” என்றாள்.

ஒரு படி வைத்தால் தீர்ந்தது. அது எனக்கும் தெரிந்தது. கதவுக்குக் கீழே ஒரு கால்படி, எந்த உயரத்தில் வேண்டும் என்று அவளிடம் கேட்டுவிட்டால் ரெண்டு மணி நேர வேலை. ஆனால் கேட்டால், வண்டியைத் தூக்கியது தப்பு என்று என் வாயால் சொன்னதாகிவிடும். சொல்லாமல் செய்து, ஞாயிறு காலையில் வாசலில் நிறுத்தி அசத்திவிடலாம் என்று நினைத்தேன். அசத்த நினைக்கிற புருஷன் பெரும்பாலும் கேட்கப் பயப்படுகிற புருஷன்தான்.

அவள் எதில் சுலபமாக ஏறுகிறாள்? பஸ்ஸில். அப்படியானால் பஸ் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு வைத்தால் போதும். எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவள் போகிற அதே பஸ்ஸைப் பார்த்து, குனிந்து, தரைக்கும் முதல் படிக்கும் டேப்பை நீட்டினேன்.

கண்டக்டர் மேலே நின்று குனிந்து பார்த்தார். “என்னண்ணே, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறீகளா?”

“ஒரு அளவு வேணும்ணே.”

“தைக்கிறதுதான் தைக்கிறீக, கலர் கொஞ்சம் நல்லதாப் பாருங்க. இது கண்ணுக்குப் பிடிக்கல.”

அளவை எழுதிக்கொண்டு பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அளவுச் சீட்டை வாங்கவில்லை. “மதினிதான் ஏறப் போறாகன்னா மதினி வரட்டும்ணே. அன்னைக்கே கேட்டேன், யாரு ஏறுவாகன்னு. நீங்க ‘நான்தான்’னீக.”

“அவளுக்கு டூட்டி பாய். விட மாட்டாங்க. இது அச்சு அசல் அவ ஏறுற உசரம். நான் பொறுப்பு.”

“பொறுப்பு உங்களுது. வெல்டிங் மட்டும்தான் எனக்கு” என்று சீட்டை வாங்கிக்கொண்டார். சேற்றுக் கால் வழுக்கக்கூடாது என்று, மேல்புறம் முழுக்கப் பல் பல்லாக நிமிர்த்திய இரும்புத் தகட்டைப் படிக்குப் போட்டார். கறுப்புப் பெயின்ட். பார்க்க அம்சமாக இருந்தது.

ஞாயிறு காலை வாசலில் நிறுத்தினேன். அவள் தூக்குவாளியோடு வெளியே வந்தாள். படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகம் இளகியது, எனக்குத் தெரியும் அந்த இளக்கம். தூக்குவாளியை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த நொடியில்தான் எனக்குச் சுரீர் என்றது. செருப்பு.

வெறும் காலைத் தூக்கினாள். முழங்கால் வயிற்றை இடித்தது, படி இன்னும் எட்டவில்லை. ஒரு எம்பு எம்பி வைத்தாள். வைத்த வேகத்தில் ‘ஸ்ஸ்’ என்று காலை எடுத்துவிட்டாள். குதிகால் வலிக்காரி, தேங்காய் துருவி மாதிரி ஒரு தகட்டின் மேல் உடம்புப் பாரம் மொத்தத்தையும் வைத்தால் வேறு என்ன ஆகும்?

“யாரு காலுக்கு அளவெடுத்தீங்க?”

“பஸ்ல…”

“எதுல?”

“நீ ஏறுற பஸ்ல.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, “அந்த பாய நான் பாக்கணும்” என்றாள்.

பாவம், அந்த ஆளை இவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று பயந்தேன். ஜீப்பை முன்னதாகவே பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். ஞாயிறு தவிர செவ்வாய்க்கிழமையும் அவளுக்கு ஓய்வு. டூவீலரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “வாங்க மதினி. டூட்டிக்கு நடுவுல வந்திருக்கீக, டீ சொல்லவா?”

“டூட்டியா? என்ன டூட்டி?”

“லீவே குடுக்க மாட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் அப்போதுதான் அந்த நட்டைக் கையில் எடுத்தேன்.

“செவ்வாக்கெழமயானா எனக்கு லீவு பாய். பதினெட்டு வருசமா லீவு.” படியைக் குனிந்து பார்த்தாள். “வேல நல்லாத்தான் இருக்கு. வெல்டிங் சுத்தம். ஆனா இது ஆரு காலுக்கு?”

“அண்ணன் குடுத்த அளவு மதினி. நீங்க ஏறுற உசரம்னாரு.”

“பஸ்ஸுல நான் ரோட்டுல நின்னா ஏறுறேன்? எங்க ஸ்டாப்புல பிளாட்பாரக் கல்லு இருக்கு, அது மேல நின்னு ஏறுறேன். கையில கம்பி இருக்கு. கால்ல செருப்பு இருக்கு. கொடிக்காலுக்குப் போற வண்டியில நான் என்னைக்குச் செருப்போட ஏறியிருக்கேன்? இவருக்குத் தெரியாதா? பஸ்ஸப் போயி அளந்திருக்காரு பாய், வீட்டுக்குள்ளயே இருக்க என்னைய ஒரு வார்த்தை கேக்காம!”

எதிர்க்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். டீ வாங்க வந்தவர்கள் தொடர்ந்தார்கள். பாய் சிரிக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்த துணியைக் கீழே வைத்தார். அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைத் தொட்டது. சப்பரம் என்று சொன்னதைக்கூட அவள் மறந்திருப்பாள். கேட்கவில்லை என்பதைத்தான் மறக்கவில்லை.

நட்டைக் கீழே வைத்தேன்.

“தப்புத்தான். தூக்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். எம்புட்டு உசரம் வேணும் உனக்கு?”

அவள் செருப்பைக் கழற்றினாள். எண்ணெய் படாத இடமாகப் பார்த்து, சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். தரை பூராவும் இரும்புத்தூள். பாய் ஓடிப்போய் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து ஜீப்புக்குப் பக்கத்தில் விரித்தார். அவள் அதன்மேல் ஏறி நின்றாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை என் தோளில், பாரம் மொத்தமும் இறங்குகிற மாதிரி, அழுத்தி ஊன்றினாள். வலது காலை மெல்லத் தூக்கினாள். கொஞ்சம் கூடிவிட்டது என்று தோன்றியதோ என்னவோ, ஒரு விரல் அளவு இறக்கி, நிறுத்தினாள்.

“இம்புட்டு” என்றாள். “பாய், மேல பல்லு வேணாம், பழைய டயர் ரப்பர் ஏதாச்சும் ஒட்டிக் குடுங்க. சீக்கிரம் அளங்க, எம்புட்டு நேரம் ஒத்தக் கால்ல நிக்கிறது?”

பாய் சாக்பீஸைத் தேடி மூன்று டப்பாவைக் கவிழ்த்தார். கிடைக்கவில்லை, நான்காவதையும் கவிழ்த்தார். என் தோள்மேல் ஊன்றிய கையை எடுக்காமல், தூக்கிய காலை இறக்காமல், அவர் கோடு போட்டு முடிக்கும் வரை அவள் அப்படியே நின்றாள்.